காபி மேல பழி போடாதீங்க, டம்ளர காட்டுங்க

எடை குறையலன்னு என்கிட்ட வர்றவங்கள்ல இந்த வாரத்துல இது மூணாவது ஆள். "மேடம், ரெண்டு மாசமா சோத்தையே தொடல, டிபனுக்கு பதிலா காபிதான், ஒரு கிலோ கூட குறையல"ன்னு பழைய வண்ணாரப்பேட்டைல இருந்து ஒரு அக்கா. எத்தன காபின்னு கேட்டா "நாலுதான்"னாங்க. அந்த 'தான்' கேட்டாலே எனக்கு கடுப்பு. உங்க வீட்டு டம்ளர எடுத்துனு வாங்கன்னு அனுப்பிட்டேன், மறுநாள் வந்துச்சி, நல்லா கனமான சில்வர் டம்ளர், தண்ணி ஊத்தி அளந்தா 180 மில்லி. டிகாஷன் 60 போக மீதி முழுக்க ஆரஞ்சு பாக்கெட் ஃபுல் கிரீம் பால், மேல ரெண்டு ஸ்பூன் சக்கர. நாலு டம்ளருக்கு கிட்டத்தட்ட அரை லிட்டர் பாக்கெட் காலி, எட்டு ஸ்பூன் சக்கர, மொத்தம் 600 கலோரி பக்கம் வருது. பத்து இட்லிங்க! பத்து இட்லிய குடிச்சிட்டு டிபன விட்டேன்னா எப்படி குறையும்?

உடனே அடுத்த கேள்வி, "அப்போ பிளாக் காபில லெமன் புழிஞ்சி குடிக்கவா, தொப்ப கரையுமாமே, ரீல்ஸ்ல சொல்றாங்க." கரையாது. கஃபீன் கொஞ்ச நேரம் பசிய அடக்கும், உடம்பு எரிக்கற கலோரிய லேசா ஏத்தும், அந்த லேசும் டீக்கடைல ஒரு பொறை தின்னா போச்சு. லெமன் போட்டு தேய்க்க தொப்ப என்ன பிசுக்கு புடிச்ச சட்டியா? நெய் கலக்குறவங்க இன்னும் மேல, ஒரு ஸ்பூன் நெய்யே 45 கலோரி. நாட்டுச்சக்கர போட்டா பரவால்லயான்னு கேக்காதீங்க, அதுவும் சக்கரதான்.

எனக்கு எடைய விட பெரிய கவல, ரத்தசோகைக்கு குடுக்கற இரும்பு மாத்திரைய காபியோட முழுங்கற பொண்ணுங்க. மாத்திர உள்ள போகும், சத்து ஒட்டாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் காபி, டீ வேணாம்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2024 உணவு வழிகாட்டிலயே இருக்கு. தைராய்டு மாத்திர வெறும் தண்ணில போடுங்க, அரை மணியாவது கழிச்சி காபி. மாசமா இருக்கறவங்க ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன தாண்டாதீங்க, ஸ்ட்ராங் டிகாஷன்னா ரெண்டு சின்ன கப்லயே அது வந்துடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேணாம், தூக்கம் கெட்டா ராத்திரி பதினோரு மணிக்கு கை தானா மிக்சர் டப்பாவ தேடும், பாத்துட்டேன்.

அக்காவ காபிய விட சொல்லல, நானே விடமாட்டேன். சின்ன டம்ளர், அரை ஸ்பூன் சக்கர, ரெண்டு வேள, காலைல ஒழுங்கா இட்லி. அடுத்த வாட்டி வரப்போ நீங்களும் உங்க டம்ளர எடுத்துனு வாங்க, ப்ளீஸ்.