முகூர்த்தத்திற்குள் இளைக்க நினைப்பவர்களுக்கு

தை பிறந்துவிட்டால் கும்பகோணம் வட்டாரத்தில் முகூர்த்தம் இல்லாத வாரம் அரிது. அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே உடம்பை இளைக்க வைக்கும் அவசரமும் தொடங்கிவிடுகிறது. பொது மருத்துவராக நான் ஆண்டுதோறும் பார்ப்பதுதான் என்றாலும், எடை குறைக்கப் போய் அவசரமாகக் கொண்டுவரப்பட்ட மூன்றாவது ஆளாக, அதுவும் ஒரே மாதத்தில், ஒரு மணப்பெண் நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு வயது 25, உயரம் 158 சென்டிமீட்டர். ஐப்பசியில் 61 கிலோ இருந்தவர் பத்து வாரங்களில் 50 கிலோவுக்கு வந்திருந்தார். காலையில் வெந்நீரும் எலுமிச்சையும், மதியம் வெள்ளரிக்காய், இரவில் ஓர் ஆப்பிள். சோறு, பருப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. நலுங்கு விருந்தில் பல வாரங்களுக்குப் பிறகு வடையும் பாயசமும் சாப்பிட்ட அன்று இரவே, வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி முதுகு வழியாகத் தோள்பட்டை வரை ஏறியிருக்கிறது. ஸ்கேனில் பித்தப்பைக்குள் சிறு சிறு கற்கள்; பட்டினியால் வேகமாக இளைப்பவர்களுக்கு இவை உருவாவதுண்டு. ஹீமோகுளோபின் 8.6, அதாவது ரத்தசோகை. இரண்டு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. அவருடைய அம்மா தனியாக வந்து, தலை வாரும்போது முடி கொத்துக் கொத்தாக வருகிறது, ஏதாவது தைலம் எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்று கேட்டார். பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டுவது வழக்கம். தைலத்தால் அது நிற்காது.

அந்தப் பெண் தன் வீட்டுச் சமையலறைக் காலண்டரை அலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் நீல மையில் அன்றைய எடை எழுதப்பட்டிருந்தது. முதல் வாரத்திலேயே 61 என்பது 57 ஆகியிருந்தது. அந்த 57ஐச் சுற்றி மட்டும் இரண்டு வட்டங்கள். எனக்கு மிகுந்த வேதனை தருவது அந்த வட்டங்கள்தான். ஒரு வாரத்தில் நான்கு கிலோ கொழுப்பு கரைந்துவிட்டது என்று அவர் நம்பியிருக்கிறார், அவருக்கு அந்த உணவு முறையைச் சொல்லிக் கொடுத்தவரும் நம்பியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வீட்டு வேலையும் ஸ்கூட்டர் பயணமுமாக இருக்கும் ஒரு பெண்ணின் உடல் நாளொன்றுக்கு 1,800 கலோரி செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளும் தண்ணீர் தவிர வேறெதுவும் பல்லில் படாமல் கிடந்தாலும் செலவாவது 12,600 கலோரிதான். அதற்கு ஈடாகும் கொழுப்பு ஒன்றரை கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவே. மீதி எங்கே போனது? ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்படும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். உண்ணாமல் இருக்கும்போது அது தீர்ந்து, அந்த நீர் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. அதோடு குடல் காலியாகிறது, தசையும் கரையத் தொடங்குகிறது. நான்கு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டதும் நீர் திரும்பி வந்து எடை ஏறும்; உடனே சோறு தின்றதால்தான் ஏறிவிட்டது என்று பழியைச் சோற்றின் மேல் போட்டு மறுபடியும் பட்டினி கிடப்பார்கள். பலமுறை சொன்னதையே திரும்பவும் சொல்கிறேன்: எடைக் கருவி மொத்த எடையைத்தான் காட்டும், அதில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டாது.

சோற்றின் அளவைக் குறைக்க வேண்டியவர்கள் நிச்சயமாக இருக்கிறார்கள். பகல் முழுவதும் குனிந்து நாற்று நட்ட பாட்டியின் தட்டும், நடவு இயந்திரம் வந்த பிறகு நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் பேத்தியின் தட்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் குறைத்த இடத்தில் பருப்பும் கீரையும் முட்டையும் குளத்து மீனும் வந்தாக வேண்டும். சம்பா அறுவடைக்கு முன்பே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கும் ஊர் இது; 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ள அந்தப் பயற்றை மூட்டை கட்டி விற்றுவிட்டு வெள்ளரிக்காயோடு பெண் பிள்ளைகள் பசியாறுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அந்த மாதம் வந்த மற்ற இருவரில் ஒருவர் 54 வயது அம்மா. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு சாப்பிடுபவர். இளைப்பதற்காக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்துப் பேச்சுக் குழறியதால், பக்கவாதம் என்றே வீட்டார் பதறிப்போனார்கள். ரத்தச் சர்க்கரை 41 ஆகத் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துக் காபி கேட்டார். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் ஒரு வேளைச் சாப்பாட்டையும் தவறவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால், சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொருவர், இளைக்கும் என்று பக்கத்து வீட்டாரின் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படபடப்போடு வந்தவர். பிறர் மாத்திரையைத் தொடாதீர்கள்.

எடை குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நால்வருக்கு அதிக எடை, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இரண்டையும் ஒரே உடம்பில் நான் அன்றாடம் பார்க்கிறேன். உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது) 23ஐத் தாண்டினாலோ, இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ நம் நாட்டவர் கவனிக்க வேண்டும். அந்த மணப்பெண் குறியீட்டெண் 23க்குள் வரக் குறைத்திருக்க வேண்டியது ஏறத்தாழ மூன்றரை கிலோதான். மூன்று வேளையும் சாப்பிட்டு, தினமும் நடந்து, மாதம் ஒன்றரைக் கிலோ வீதம் குறைத்திருந்தால் அதே பத்து வாரங்களில் அது முடிந்திருக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: புடவை எடுக்கப் போன இடத்தில், பந்தியில், பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், இந்தப் பெண்ணின் பட்டினி ஓர் அத்தை சொன்ன ஒரே சொல்லில் தொடங்கியது. உணவைக் குறைக்கும் முன் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடையில் மாதவிடாய் நின்றாலோ, தலை சுற்றினாலோ, சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் வாருங்கள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.