பாஷாணம்னா என்ன? யூரின்ல அயோடின் பாக்குற டெஸ்ட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மதுரைப் பக்கம் பாஷாணம்னு சொன்னா சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும், எலிக்கு வைக்கிறது, கிட்டயே போகக்கூடாது. அதே சாமான் ஒரு பாட்டில்ல "ஆர்செனிக் ட்ரைஆக்சைடு"னு லேபிள் ஒட்டி அலமாரியில நின்னா யாரும் கண்டுக்கிறதில்ல. பாக்க கோலமாவு மாதிரி வெள்ளையா இருக்கும், வாசனையும் கிடையாது. நான் வேலை பாத்த ஒரு லேப்ல கூட்டித் தொடைக்க வர்ற அக்கா அந்த பாட்டில வெறுங்கையால தூக்கி வச்சுட்டு தூசி தட்டிக்கிட்டு இருந்தாங்க, "யக்கா, அது வெள்ளப் பாஷாணம்"னு சொன்னேன், வெடுக்குன்னு கைய எடுத்துட்டு நேரா குழாயடிக்குப் போயிட்டாங்க. அத்தன நாளா அந்த லேபிள் சொல்லாதத அந்த ஒரு சொல்லு சொல்லிருச்சு.

பாஷாணம் சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, அங்க அதுக்கு வெறும் கல்லுன்னுதான் அர்த்தம். தமிழ்ல பாடாணம்னும் எழுதுவாங்க. நம்ம சித்த வைத்தியத்துல அது நஞ்சுள்ள தாதுப்பொருளுக்குப் பேராயிருச்சு, மொத்தம் 64 பாஷாணம்னு கணக்கு, 32 பிறவி, அதாவது மண்ணுல தானா கிடைக்கிறது, 32 வைப்பு, அதாவது செஞ்சு எடுக்கிறது. பழனி மூலவர் சிலைய போகர் நவபாஷாணத்துல செஞ்சதா சொல்றாங்கல்ல, அதே பாஷாணந்தான்.

அப்ப ஆர்செனிக்குக்கு தமிழ் பாஷாணமான்னு கேட்டா, முழுசா இல்லங்க. வீரம், பூரம், லிங்கம் இதெல்லாமும் பாஷாணக் கணக்குலதான் வருது, ஆனா அது மூணும் பாதரசச் சரக்கு. ஆர்செனிக் சரக்குக்குத் தனித்தனியா பேரே இருக்கு: வெள்ளையா இருக்கிற ஆக்சைடு வெள்ளைப் பாஷாணம், சிவப்பா கந்தகத்தோட சேந்தது மனோசிலை, மஞ்சளா இருக்கிறது தாளகம், அதுக்கே இன்னொரு பேர் அரிதாரம். ஆமா, நாடகக்காரங்க "அரிதாரம் பூசுறது"ன்னு சொல்றோமே, அதே அரிதாரம், அந்த மஞ்சப் பொடியத்தான் மூஞ்சில பூசியிருக்காங்க, நெனச்சா வயித்தக் கலக்குது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ஆர்செனிக்ங்குற பேரும் அதே மஞ்சக் கல்லுல இருந்து வந்ததுதான், பாரசீகத்துல சர்னிக், சர்னா தங்கம், அது கிரேக்கத்துக்குப் போய் ஆர்செனிகான் ஆச்சு. நாம அரிதாரம்னோம், அவங்க ஆர்செனிகான்னாங்க, கல்லு ஒண்ணுதான்.

சரி, அயோடின் டெஸ்ட்டுக்கு வருவோம். நாம சாப்பிடுற அயோடின்ல நூத்துக்கு 90 பங்குக்கு மேல யூரின்லதான் வெளிய போகுது, அதனால ஒரு ஊர்ல அயோடின் உப்பு ஒழுங்கா சேருதான்னு பாக்க பள்ளிக்கூடப் புள்ளைங்க யூரினத்தான் டெஸ்ட் பண்றாங்க, நடு அளவு லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழ போனா பத்தலன்னு அர்த்தம், அப்பறம் கழுத்துல கழலை வரும். இவ்வளவு கம்மி அளவ கண்டுபிடிக்க 1930கள்ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல சாண்டெல், கோல்தாஃப்னு ரெண்டு பேர் ஒரு வழி கொண்டுவந்தாங்க. மஞ்சளா இருக்கிற சீரியம் உப்போட ஆர்செனிக் கரைசலச் சேத்தா மஞ்சள் மெதுவா வெளுக்கும், அதுல துளி அயோடின் இருந்தா சடசடன்னு வெளுக்கும். எவ்வளவு வேகமா வெளுக்குதோ அவ்வளவு அயோடின். ரொம்ப அழகான முறைங்க, கண்ணு முன்னாடியே குழாய்ல மஞ்சள் கரைஞ்சு தண்ணியாட்டம் ஆகும், ஆனா ஒவ்வொரு குழாய்லயும் பாஷாணம் இருக்கு.

இன்னொரு ஆபத்து, அதுக்கு முன்னாடி யூரின்ல இருக்கிற மத்ததையெல்லாம் எரிச்சு அழிக்கணும், அதுக்கு குளோரிக் ஆசிட் போட்டு சூடு பண்ணுவாங்க. அது குளோரேட் குடும்பத்துச் சாமான், குளோரேட்னா என்னன்னு சிவகாசிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, தீக்குச்சி முனையில இருக்கிறதே அதான். இப்ப அதுக்குப் பதிலா அம்மோனியம் பெர்சல்பேட் வந்துருச்சு, வெடிக்கும்ங்குற பயம் இல்ல. ஆர்செனிக்கயும் கொறைக்கலாம், பெரிய குழாய்ல மில்லிலிட்டர் கணக்குல ஊத்துறத 96 குழி பிளேட்டுல மைக்ரோலிட்டர் கணக்குல பண்றாங்க. அறவே வேண்டாம்னா டிஎம்பின்னு ஒரு சாயப்பொருள், எலைசாங்குற லேப் டெஸ்ட் பண்றவங்களுக்கு அந்த நீலம் நல்லா தெரியும், அதோட பெராக்சைடு சேத்தா அயோடின் அதையும் வேகப்படுத்தி நிறம் ஏத்திவிடும், பாஷாணமே வேண்டாம். ஐசிபி எம்எஸ் மெஷின் இருந்தா அயோடின நேரடியாவே அளந்துரும், ஆனா அந்த வெலைக்கு சின்ன லேப் எங்க போறது.

பழைய முறையே பண்றவங்க தயவுசெஞ்சு கழிவ சிங்க்ல ஊத்தாதீங்க. நான் கண்ணால பாத்துருக்கேன். மஞ்சள் வெளுத்துட்டா ஆர்செனிக் போயிட்டதா அர்த்தமில்ல, வேற வடிவத்துல அங்கயேதான் இருக்கு, எரிச்சாலும் அழியாது, அது தனிமம். தனி கேன்ல சேத்து வச்சு ஆபத்தான கழிவு எடுக்கிறவங்ககிட்டதான் குடுக்கணும்.

அதனால என் தீர்ப்பு: தனிமத்தச் சொல்லும்போது பாடப்புத்தகத்துல இருக்கிற மாதிரி ஆர்செனிக்னே எழுதலாம், பாட்டில்ல மட்டும் வெள்ளைப் பாஷாணம்னு எழுதணும். இப்ப எங்க அலமாரியில சிவப்பு ஸ்கெட்ச்ல அப்படித்தான் எழுதியிருக்கு, கழிவு கேன்லயும் எழுதியாச்சு.