மாட்டு சளி எதிரி இல்லீங்க, அதுல எண்ணெயை ஊத்தாதீங்க

மாட்டு டாக்டரா இந்த மாசத்துல நான் பார்க்கற மூணாவது கன்னு இது. காலையில போன். "சார், கன்னுக்கு சளிங்க, ரெண்டு நாளா ஊசி போட்டுட்டுதான் இருக்கோம், கேக்கல." போய்ப் பார்த்தா நாலு மாசத்து ஹெச்.எஃப் கிராஸ் (சீமை மாட்டுக் கலப்பு) கிடேரி, கழுத்தை நீட்டி, முன்னங்கால் ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டு வாயால மூச்சு வாங்கிட்டு நிக்குது. மூக்கோரத்துல நுரையோட ஒரு பிசுபிசுப்பு. விரல்ல தொட்டு மோந்தேன், நல்லெண்ணெய், கூடவே பூண்டு வாசம்.

"எப்ப ஊத்தினீங்க அண்ணே?"

"நேத்து சாயங்காலம் சார், சளி இளகட்டும்னு..."

கத்திட்டேன், ஒத்துக்கறேன். சந்தையில வாங்கி, ராத்திரி பூரா குட்டியானை வண்டில நின்னுக்கிட்டே வந்த கன்னு, தண்ணி கூட காட்டல, வந்த மூணாம் நாள் இருமல். இது வரைக்கும் எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். அதுக்கப்புறம் நாம பண்றதுதான் கொல்லுது.

சளின்னா நோய்னு நெனைக்கறீங்க பாருங்க, அங்கதான் எல்லாமே தப்பாகுது. சளி நோய் இல்ல. மூக்குல இருந்து மூச்சுக்குழாய் வரைக்கும் ஒட்டிக்கிட்டிருக்கற அந்த வழவழப்புதான் மாட்டோட முதல் மருந்து. தூசி, கிருமி எல்லாம் அதுல ஒட்டும், அடியில இருக்கற குட்டிக்குட்டி முடிங்க அதை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், தொண்டைக்கு வந்ததும் மாடு முழுங்கிடும், அவ்வளவுதான், வேலை முடிஞ்சது. அந்த சளிக்குள்ள கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காம பிடிச்சு வச்சுக்கற லாக்டோஃபெரின் இருக்கு, கிருமியோட தோலையே அரிக்கற லைசோசைம் இருக்கு. இதெல்லாம் போக மூச்சுக்குழாய் செல்லே கிருமியைக் கொல்ற ஒரு குட்டிப் புரதத்தை சுரக்குது, 38 அமினோ அமிலம் நீளம்தான். 1991ல அமெரிக்காவுல அதைக் கண்டுபிடிச்சது எதுல இருந்து தெரியுமா, மாட்டு மூச்சுக்குழாய்ல இருந்துதான். பீட்டா டிஃபென்சின்னு சொல்ற புரதக் கூட்டத்துல முதல்ல பிரிச்சு எடுத்ததே இதுதான், மனுஷனோடது எல்லாம் அப்புறம்தான்.

அப்ப நோய் எப்படி வருது? மான்ஹைமியா, பாஸ்சுரெல்லா மாதிரி கிருமிங்க நல்லா இருக்கற மாட்டு மூக்குலயே சும்மா குடியிருக்கும். பயணம், பட்டினி, கூட்டம், குளிர், கூடவே ஒரு வைரஸ், இதுல காவல் தளர்ந்ததும் கீழ இறங்கிடும். (மாட்டுக்கு அதோட உடம்புக்கு நுரையீரலே சின்னது, அதனால கொஞ்சம் கெட்டாலே மூச்சு திணறும்.)

இப்ப அந்த ஊசிக் கதைக்கு வரேன். மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஆன்டிபயாடிக், கூட டெக்ஸா. டெக்ஸா போட்டதும் காய்ச்சல் இறங்கும், கன்னு ரெண்டு வாய் புல்லு கடிக்கும், நீங்க சந்தோஷப்படுவீங்க. ஆனா டெக்ஸா ஸ்டீராய்டுங்க. நான் சொன்னேன்ல அந்தப் புரதம், அதோட சுரப்பையே அது குறைக்குதுன்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. பயணக் களைப்புல உடம்பே சுரக்கற ஸ்டீராய்டும் சும்மா விடாது, அதுக்கு மேல நீங்க ஒரு டோஸ் ஏத்தறீங்க. எங்களுக்கும் சில நேரம் ஸ்டீராய்டு தேவைப்படும்தான், அது எப்ப, எவ்வளவுன்னு பார்த்துப் போடறது எங்க வேலை, விட்டுடுங்க.

எண்ணெய் விஷயம். நாட்டு மருந்தே வேண்டாம்னு நான் சொல்லல. தலையை வானத்தைப் பார்க்க தூக்கி, நாக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு குழாயால ஊத்தறதைத்தான் சொல்றேன். நாக்கு கையில இருந்தா முழுங்க முடியாது, நேரா நுரையீரலுக்குத்தான் போகும். அங்க எண்ணெய் போனா எடுக்க என்கிட்ட ஊசி இல்ல. நாட்டு மருந்து கொடுத்தே ஆகணும்னா அதை அரைச்சு வெல்லத்தோட உருட்டி நாக்குல கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க. மூச்சு வாங்கற மாட்டுக்கு அதுவும் கூடாது.

மார்கழி குளிருக்கு பயந்து கொட்டகையை தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடறீங்க. ஒருநாள் விடியக்காலையில உள்ள போய் முட்டி போட்டு, கன்னு மூக்கு உயரத்துல ஒரு நிமிஷம் மூச்சு விட்டுப் பாருங்க. மூத்திர நெடி கண்ணைக் கரிச்சா அந்தக் குட்டி முடிங்க ஏற்கனவே பாதி செத்துப்போச்சு. காத்து மேல்பக்கம் போகணும், கன்னு மேல நேரா அடிக்கக் கூடாது, தரை ஈரமில்லாம இருக்கணும்.

சந்தையில இருந்து வந்த மாட்டை ரெண்டு மூணு வாரம் தனியா கட்டுங்க. முதல்ல தண்ணி, அப்புறம் தீனி. தொண்டை அடைப்பான் தடுப்பூசி மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் போடணும், மழை வந்தப்புறம் இல்ல. இருமல்னா முதல் நாளே கூப்பிடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962 இருக்கு. ஆன்டிபயாடிக் போட்ட மாட்டுப் பாலை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் யாருக்கும் ஊத்தாதீங்க, ப்ளீஸ்.

சீம்பாலுக்குத் தனியா கெஞ்சறேன். கன்னு வயித்துல இருக்கறப்ப தாய்கிட்ட இருந்து எதிர்ப்புச் சக்தி ரத்தம் வழியா வராது, சீம்பால்ல மட்டும்தான். முதல் ஆறு மணி நேரம்தான் நல்ல நேரம், ஒரு நாள் ஆச்சுன்னா குடல் கதவைச் சாத்திடும். 25 கிலோ கன்னுக்கு ரெண்டரை லிட்டர், அதுல பாதியாவது பிறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள. நஞ்சுக்கொடி விழட்டும்னு காத்திருக்காதீங்க, அது விழ எட்டு, பன்னெண்டு மணி நேரம் கூட ஆகும்.

கிடேரி மதியம் செத்துப்போச்சு. அந்த வீட்டுல இன்னொரு மாடு நிறைசினை, இந்த வாரம் கன்னு போடும். சீம்பால் விஷயத்தை அண்ணன்கிட்ட சொல்லல, அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன், கணக்கா கேட்டு வச்சுக்கிட்டாங்க.