சீசன்: பருவம் என்று சொன்னால் என்ன?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் சீசன். சென்னைச் சபாக்களில் டிசம்பர் பிறந்தால் சீசன். மாம்பழத்துக்கு ஒரு சீசன், கல்யாணத்துக்கு ஒரு சீசன். மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் பயணச்சீட்டும் சீசன்தான். இத்தனை வேலை பார்க்கும் இந்தச் சொல்லுக்கு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. தொலைக்காட்சித் தொடரின் ஒரு கட்டத்துக்கும் அதுவே பெயர். ‘அடுத்த சீசன் எப்போது?’ என்று ஓர் இளைஞர் கேட்டால், அவர் குற்றாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இந்தக் கடைசிப் பொருளுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது? அதைத் தேடுமுன் ‘சீசன்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பாதி விடை அங்கேயே கிடக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு இலத்தீனிலிருந்து. இலத்தீனில் அதன் மூலச்சொல் ‘சாதியோ’. பொருள்: விதைத்தல். முதலில் விதைக்கும் செயல், பிறகு விதைக்கும் காலம், பிறகு ஆண்டின் எந்தக் காலப்பகுதியும், கடைசியில் எந்தக் காரியத்துக்கும் உரிய காலம் என்று பொருள் விரிந்துகொண்டே போனது. உணவுக்கு உப்பும் மிளகும் சேர்த்துப் பக்குவப்படுத்துவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். பழம் உரிய காலத்தில் கனிந்து சுவை ஏறுவதுபோல உணவும் பதம் அடைகிறது என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. ஆகவே சொல்லின் அடிமண்ணில் இருப்பது உழவு.

நாடக அரங்குகளும் இசையரங்குகளும் ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் நிகழ்ச்சி நடத்திய வழக்கத்தால் கலையுலகுக்குள் சீசன் நுழைந்தது. அமெரிக்க வானொலி அதை எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சி வானொலியிடமிருந்து வாங்கிக்கொண்டது. இலையுதிர் காலம் தொடங்கி மக்கள் மாலையில் வீட்டுக்குள் அடங்கும்போது புதிய நிகழ்ச்சிகள் வரும். கோடையில் எல்லாரும் வெளியே போய்விடுவதால் பழையதையே மறுபடி போடுவார்கள். 1950களில் பல தொடர்களுக்கு ஆண்டுக்கு 39 பகுதிகள். 52 வாரத்தில் மீதி 13 வாரம் கோடை. பிற்காலத்தில் 39 என்பது 22, 24 என்று இறங்கியது. 13 பகுதிகள் கொண்ட சீசன் என்று இன்று அடிக்கடி கேள்விப்படும் எண்ணும் தற்செயலாக வந்ததன்று. அது ஆண்டில் சரியாகக் கால்பங்கு.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தக் கணக்குக்கு உட்படவில்லை. அமெரிக்கர் சீசன் என்பதை அவர்கள் ‘சீரிஸ்’ என்பார்கள். ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரில் மொத்தமே இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பகுதிகள். முதலாவது 1975இல், அடுத்தது 1979இல். நான்கு ஆண்டு இடைவெளி விட்டு வருவதை எந்த விதைப்புக் கணக்கில் சேர்ப்பது?

சீசன் என்ற சொல் ரசிகர்களின் வாயில் எப்படிக் கனம் ஏறியது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று ‘கம்யூனிட்டி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். டான் ஹார்மன் உருவாக்கியது. 2009 செப்டம்பர் 17 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. கிரீண்டேல் என்ற மட்டமான ஒரு கல்லூரியில் சேர்ந்து படிக்கும் ஏழு பேரின் கதை. பார்ப்பவர் தொகை ஒருபோதும் பெரிதாக இருக்கவில்லை. பார்த்தவர்களின் பற்றுதான் பெரிது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ‘அடுத்த சீசன் உண்டா, இல்லையா’ என்ற கேள்வி தொடரின் கதையைவிடப் பெரிய கதையாக ஓடியது.

2011இல் வந்த ஒரு பகுதியில், தொலைக்காட்சிப் பித்துப் பிடித்த ஆபெத் என்ற பாத்திரம், வேறொரு தொடரை ஆதரித்துப் பேசும்போது, அது ஆறு சீசனும் ஒரு சினிமாவும் காணும் என்று அடித்துச் சொல்கிறான். அந்த வேறு தொடர் சீக்கிரமே மூடப்பட்டது. ரசிகர்கள் அந்த வசனத்தைப் பிடுங்கித் தங்கள் தொடருக்கே முழக்கமாக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், மூன்றாம் சீசனின் பாதியில், நிகழ்ச்சி நிரலிலிருந்து தொடரை நிலையம் எடுத்துவிட்டது. டிசம்பரில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்தின் முன் ரசிகர்கள் கூடிப் பாடினார்கள், கறுப்பு ஒட்டுத்தாடியோடு. தொடரின் ஒரு பகுதியில், எல்லாம் கெட்டுப்போன ஒரு மாற்று உலகத்து மனிதர்களுக்கு அந்தத் தாடிதான் அடையாளம். ‘நாங்கள் இப்போது அந்த உலகத்தில்தான் இருக்கிறோம்’ என்பது அதன் பொருள்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் சுவையானது. நான்காம் சீசன் 2012 அக்டோபர் 19 அன்று தொடங்கும் என்று அறிவிப்பு வந்தது. நாள் நெருங்கியபோது ஒத்திவைத்தார்கள். நடிகர்களே ஒரு காணொளியில் தோன்றி, அக்டோபர் 19 என்பது நாட்காட்டியில் உள்ள ஒரு நாளாக இருக்கவேண்டியதில்லை, அது ஒரு மனநிலை என்று கேலியாக ஆறுதல் சொன்னார்கள். கடைசியில் சீசன் தொடங்கியது 2013 பிப்ரவரி 7 அன்று. ரசிகர்களுக்கு அன்றுதான் அக்டோபர் 19.

இலையுதிர் காலத்தில் விதைக்கவேண்டியது தை மாதத்துக்குத் தள்ளிப்போனாலும் அது சீசன்தான். ஆக, இன்று இந்தச் சொல்லில் நாட்காட்டி செத்துவிட்டது. இணைய நிறுவனங்கள் ஒரே நாளில் எல்லாப் பகுதிகளையும் கொட்டிவிடும் காலத்தில் அது முழுக்கவே செத்துவிட்டது. மிஞ்சியிருப்பவை இரண்டு: கதையில் ஒரு கணு, அடுத்த கணுவுக்கான காத்திருப்பு. தமிழ்ச்சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

இனி வேட்பாளர்களைப் பார்ப்போம். ‘தொகுதி’ என்றால் சட்டமன்றம் நினைவுக்கு வருகிறது. ‘பாகம்’ திரைப்படத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பாகம் என்றால் இன்னொரு படம் என்றே பொருள். ‘சுற்று’ விளையாட்டுக்கும் நேர்காணலுக்கும் சொந்தம். இங்கிலாந்து வழியில் ‘தொடர்’ என்று வைத்தால், தொடரின் இரண்டாம் தொடர் என்று எழுத நேரும். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் ‘பட்டம்’ தான் துல்லியம். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைப்புக் காலத்தையே குறிக்கும் சொல் அது. இலத்தீன்காரன் கேட்டால் கைகுலுக்குவான். ஆனால் ‘அவர் ஆறாம் பட்டம் பார்த்துவிட்டார்’ என்று எழுதினால் படிக்கிறவர் பட்டமளிப்பு விழாவுக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுவார். ‘போகம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒரு போகம், இரு போகம், இலங்கையில் காலபோகம், சிறுபோகம். விளைச்சலை எண்ணும் கணக்கு அதிலேயே இருக்கிறது. தொலைக்காட்சிக்குப் பொருத்தினால் மட்டும் சிரிப்பு வருகிறது. வேண்டாம்.

மிஞ்சுவது பருவம். அதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். ‘பருவகாலம் என்ற பொருள் இருக்கிறதே’ என்ற எளிய காரணத்துக்காக அன்று. அந்தச் சொல் ஏற்கெனவே இலக்கியத்தில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு. ஆண்பாலாக இருந்தால் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று, பெண்பாலாக இருந்தால் அம்மானை, நீராடல், ஊசல் என்று மூன்று. ஆகப் பத்துப் பருவம். பருவத்துக்கு வழக்கமாகப் பத்துப் பாடல். ஒரே குழந்தை, ஒவ்வொரு பருவத்திலும் சற்று வளர்ந்து, புது விளையாட்டோடு வருகிறது. பத்து சீசன், சீசனுக்குப் பத்துப் பகுதி என்று இதைச் சொன்னால் தமிழாசிரியர்கள் கோபிப்பார்கள். கணக்கு என்னவோ ஒத்துப்போகிறது.

பாரதத்திலும் அப்படியே. ஆதி பருவம், சபா பருவம் என்று வில்லிபுத்தூரார் பாரதம் நகர்கிறது. அங்கே பருவம் என்பது வடமொழிப் ‘பர்வ’த்தின் தமிழ் வடிவம். பர்வம் என்றால் கணு. கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கும் முடிச்சு. நம் பருவமே அங்கிருந்து வந்தது என்பாரும், ‘பருத்தல்’ என்ற தமிழ் வேரிலிருந்து கிளைத்தது என்பாரும் உண்டு. அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. காலம் என்ற பொருளும் கதைக்கணு என்ற பொருளும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன என்பதே எனக்குப் போதும். ஆங்கிலச் சீசன் பல நூறு ஆண்டு நடந்து வந்து சேர்ந்த இடத்தில் பருவம் முன்பே உட்கார்ந்திருக்கிறது. ‘பருவத்தே பயிர் செய்’ என்ற ஆத்திசூடி வரியில் விதைப்பையும் அது தொட்டுக்கொண்டிருக்கிறது.

காத்திருப்பு? அதில்தான் பருவம் மற்ற எல்லாச் சொற்களையும் தோற்கடிக்கிறது. கார்காலம் தொடங்கும்போது திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் பிரிந்துபோன தலைவன், மழைக்காக வானத்தையே பார்த்திருக்கும் தலைவி: முல்லைத்திணையின் உயிரே அதுதான். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் மழை பெய்துவிடுகிறது, கொன்றை பூத்துவிடுகிறது, ஆளைக் காணோம். தோழி என்ன செய்வாள்? இந்தக் கொன்றை மரங்கள் மடமை மிக்கவை என்கிறாள். அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. ‘வம்ப மாரியைக் கார் என மதித்தே’ பூத்துவிட்டன என்கிறாள். வம்ப மாரி என்றால் காலமல்லாத காலத்தில் பெய்த மழை. அடுத்த சீசன் உறுதி என்று மாதத்துக்கு ஒருமுறை கிளம்பும் வதந்திக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? போதாததற்கு வம்பு என்ற சொல்லுக்கு நம் காலத்தில் ஊர்ப்பேச்சு என்ற பொருளும் ஏறியிருக்கிறது. அக்டோபர் 19ஐ நம்பிப் பூத்த கொன்றைகளுக்கு அந்த நடிகர்கள் சொன்ன ஆறுதலும் தோழி சொன்னதும் ஏறத்தாழ ஒன்றுதான்: இது அந்த நாள் இல்லை, கலங்காதே.

அந்தப் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. தலைவி காத்திருப்பது மழைக்காக இல்லை. மழையோடு வரவேண்டிய ஆளுக்காக. தொடர் ரசிகரும் அப்படித்தான். ‘கம்யூனிட்டி’யின் நான்காம் பருவத்தில் ஹார்மன் இல்லை, முன்பே நீக்கிவிட்டார்கள். ஐந்தாம் பருவத்தில் அவர் திரும்பியபோது, நான்காவதைத் தொடருக்குள்ளேயே ‘எரிவாயு கசிந்த ஆண்டு’ என்று கிண்டல் செய்தார்கள். இன்றும் ரசிகர்கள் அதை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள், மழை பொய்த்த ஆண்டை ஊர்க்காரர்கள் பெயர் வைத்து நினைவில் வைத்திருப்பதுபோல. ஹார்மன் வந்தார், ஆனால் டிராய் என்ற பாத்திரத்தில் நடித்த டொனால்ட் குளோவர் ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம் பகுதியோடு விடைபெற்றுப் போய்விட்டார். 2014 மே மாதம் என்.பி.சி. தொடரை நிறுத்தியது. நடிகர்களின் ஒப்பந்தம் முடியவிருந்த ஜூன் 30 அன்று யாஹூ அதை எடுத்துக்கொண்டது. 2015 மார்ச் 17 அன்று ஆறாம் பருவமும் வந்தது. டிராய் இல்லை. கார் வந்தது, தேர் வரவில்லை.

பருவத்துக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபிறகு ‘இரண்டாம் பருவம்’ என்றால் பிள்ளைகளுக்குத் தேர்வு நினைவு வருகிறது. ‘பருவம் அடைதல்’ வேறு இருக்கிறது. தலைப்பில் தனியாகப் போட்டால் குழப்பம்தான். இதற்கு வழி எளிது. முதல்முறை எழுதும்போது ‘தொடரின் மூன்றாம் பருவம்’ என்று தொடரையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். அதன்பின் பருவம் தனியே நிற்கும். எண்ணுப்பெயர் முன்னால் வரட்டும்: ‘பருவம் 3’ என்பது ஆங்கில வரிசை, ‘மூன்றாம் பருவம்’ என்பதே தமிழ் வரிசை. குற்றாலத்துக்கும் ரயில் பயணச்சீட்டுக்கும் சீசனே இருக்கட்டும். அங்கே அது வேர் பிடித்துவிட்டது, பிடுங்கினால் மண்ணும் சேர்ந்து வரும்.

முழக்கத்தைப் பெயர்த்துப் பார்த்தேன். ‘ஆறு சீசனும் ஒரு சினிமாவும்’ என்றால் சீ, சி என்று மோனை விழுகிறது. தோற்றுவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. ‘ஆறு பருவமும் ஒரு படமும்’ என்றாலும் விழுகிறது. ஆறு பருவமும் சேர்ந்து 110 பகுதிகள். படத்துக்கான அறிவிப்பு 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. கொன்றைகள் அன்றே பூத்துவிட்டன.