கரையாத ஐஸ் மீனைக் காப்பாற்றாது

பாம்பன் தெற்குவாடியில் மீன் எடுத்து பரமக்குடிக்குக் கொண்டுபோய் விற்கும் ஒரு அம்மாவை அடிக்கடி பார்ப்பேன். அன்றைக்குப் பெட்டி நிறைய கானாங்கெளுத்தி. அதன் மேலே நாலைந்து பெரிய ஐஸ் கட்டிகளை வைத்துச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். “நல்லா நொறுக்கி அடியிலயும் போடுங்க ஆத்தா” என்றேன். “நொறுக்குனா வெரசாக் கரைஞ்சிரும் தாயி. கரைஞ்ச ஐஸு போன காசு” என்றார்.

இதையே படகுக்காரர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஐஸ் விலைக்கு அவர்கள் கவலைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் நான் மீன், இறால், கடல்பாசி மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே ஒரு கருவி வரைகிற கோடு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

அந்தக் கருவியின் பெயர் டிஃபரன்ஷியல் ஸ்கேனிங் கலோரிமீட்டர். நாங்கள் டி.எஸ்.சி. என்போம். 1962இல் பெர்கின் எல்மர் நிறுவனத்தில் வாட்சன், ஓ’நீல் என்ற இருவர் உருவாக்கியது. உள்ளே மூக்குத்திப் பெட்டி மாதிரி இரண்டு குட்டி அலுமினியக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் மாதிரி, பத்து மில்லிகிராம் போதும். மற்றது வெறும் கிண்ணம். இரண்டையும் நிமிடத்துக்கு 5 டிகிரி, 10 டிகிரி என்று ஒரே வேகத்தில் சூடாக்குவோம். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்றால் மாதிரி இருக்கிற பக்கம் எவ்வளவு கூடுதல் வெப்பம் கேட்கிறது என்பதைக் கருவி அளக்கிறது. பொருளுக்குள் ஏதாவது உருகினால், புரதம் குலைந்தால், கோட்டில் ஒரு குழி விழும். குழி விழுகிற இடம் எந்த டிகிரியில் அது நடந்தது என்று சொல்லும். அதன் பரப்பு எவ்வளவு வெப்பம் உள்ளே போனது என்று சொல்லும்.

ஒரு துளித் தண்ணீரை உறைய வைத்து இதில் ஓட்டிப் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியிலிருந்து 0 டிகிரி வரை கோடு ஏறக்குறைய சும்மாவே போகும். ஒரு கிலோ கணக்கில் சொன்னால், அந்த 10 டிகிரியும் ஏற ஐஸ் வாங்கிக்கொள்வது சுமார் 21 கிலோஜூல்தான். 0 டிகிரிக்கு வந்ததும் கோடு கிணறு மாதிரி இறங்கும். அங்கே உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூல். பதினாறு மடங்கு! மீனின் சூட்டை ஐஸ் உறிஞ்சுவது இந்த உருகுகிற நேரத்தில்தான். மாலையில் பெட்டியைத் திறக்கும்போது கட்டி அப்படியே இருக்கிறது என்றால், அந்தக் கட்டி மீனிலிருந்து சூட்டை வாங்கவே இல்லை என்று அர்த்தம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பத்து கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,080 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதற்கு மூன்றேகால் கிலோ ஐஸ் முழுசாகக் கரைய வேண்டும். இது வெயிலே படாத, வெளிச்சூடு உள்ளே வராத பெட்டிக்கு. நம் ஊர் வெயிலில், சாக்கு மூடிய பெட்டியில், மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

அந்த அம்மாவின் பெட்டியில் அவர் அனுமதியோடு தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன். மேல் வரிசை மீனின் நடுச்சதையில் 4 டிகிரி. அடி வரிசையில் 19. ஒரே பெட்டிதான். பெரிய கட்டி மீனைத் தொடுவது நாலைந்து இடத்தில் மட்டும், மீதியெல்லாம் காற்று. நொறுக்கிய ஐஸ் மீனைச் சுற்றிப் படிந்துகொள்ளும். அடியில் ஒரு படுகை, மீன், ஐஸ், மறுபடி மீன், மேலே ஐஸ் என்று அடுக்கி, கரைந்த தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும். அந்தத் தண்ணீரில் இரத்தமும் கிருமியும் இருக்கும், தேங்க விடக் கூடாது.

இப்போது மீன் சதைக்கு வருகிறேன். சதையை உறைய வைத்து ஓட்டினால் அந்தக் குழி 0 டிகிரியில் செங்குத்தாக விழாது. வெகு கீழிருந்தே மெல்லச் சரிந்து, 0 டிகிரியை நெருங்கும்போது ஆழமாகும். சதைத் தண்ணீரில் உப்பும் புரதமும் கலந்திருப்பதால் அது மைனஸ் 1 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பித்து, மைனஸ் 5க்குள் ஏறக்குறைய முக்கால் பங்கு உறைந்துவிடுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு கிலோ மீனை ஒரே பையில் திணித்தால், இந்த மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் நடுவில் மணிக்கணக்காகக் கிடக்கும். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகம் பெரிதாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். கழுவும்போது வெள்ளைத் தண்ணீராக வடிந்து சதை பஞ்சாகிப்போவது இதனால்தான். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் தட்டையாகப் பரப்பிப் பைகளில் போட்டு வையுங்கள். ஒரு தடவை இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

சூடாக்கிக்கொண்டே போனால் வேறு குழிகள் வரும். மீனுக்கு மீன் கொஞ்சம் மாறும், ஆனால் பொதுவாக 40, 50 டிகிரிகளில் மயோசின் என்ற தசைப்புரதம் குலையும். 70ஐத் தாண்டி ஆக்டின் என்ற இன்னொரு தசைப்புரதம். ஆட்டுக்கறி வேக நேரமாகிறது, மீன் குழம்பில் போட்டதும் வெந்துவிடுகிறது என்பதற்கும் இங்கே காரணம் தெரியும்: தசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் மீனில் ஆட்டினுடையதைவிடக் குறைந்த சூட்டிலேயே குலைகிறது. நெடுநாள் ஃப்ரீசரில் கிடந்த மீனில் மயோசின் குழி சிறுத்துப்போயிருக்கும், புரதம் குலைகிற வேலை கொஞ்சம் குளிரிலேயே நடந்துவிட்டது என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரியில் மயோசினே இல்லை என்று எழுதவிருந்தேன். கிண்ணத்தின் மூடி சரியாக அழுந்தாமல் தண்ணீர் ஆவியாகி, அந்தப் பெரிய குழி சின்னதை மறைத்திருந்தது. ஒரு வியாபாரியின் சரக்கு என் கவனக்குறைவால் திரும்பிப் போயிருக்கும். அதிலிருந்து ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் கிண்ணத்தை எடை போட்டுப் பார்க்காமல் முடிவு எழுதுவதில்லை.

இந்தக் கருவிக்குத் தெரியாத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை. சூரை, கானாங்கெளுத்தி, சூடை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சில மணி நேரத்திலேயே கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும்; அது அதிகமானால் உடம்புக்கு விஷம். கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. அதற்கு மேல் இருந்தாலும் டி.எஸ்.சி. கோட்டில் ஒன்றும் தெரியாது, அதற்கு வேறு சோதனை. கண்ணுக்கும் மூக்குக்கும்கூடப் பல நேரம் தெரியாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. “நல்லா கொதிக்க வெச்சாச் சரியாப் போகும்” என்ற பேச்சு இந்த விஷயத்தில் செல்லாது. பிடித்தவுடன் படகிலேயே ஐஸில் போடுவது ஒன்றுதான் வழி.

மீன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலியோ படபடப்போ வந்தால் அது இந்த ஹிஸ்டமினால்கூட இருக்கலாம். ஆனால் பலர் “எனக்கு மீன் அலர்ஜி” என்று முடிவு செய்து வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். என்ன மீன், எப்போது வாங்கியது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்கும் இப்படி ஆனதா என்று சொல்லுங்கள். மீதி மீனையோ குழம்பையோ கொட்டிவிடாமல் ஒரு டப்பாவில் மூடி, யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி மேலே எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். சோதிப்பதற்கு எங்களுக்கு அதுதான் வேண்டும்.