தாடைக்குக் கீழே இருந்த நிழல்

தக்கலையில் பழைய ஓவியங்களைச் சீர்செய்வது என் தொழில். போன ஆவணியில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, தன் தாத்தாவின் ஆயில் பெயிண்டிங்கைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். "படம் கறுத்துப் போச்சுன்னு மருமகன் சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சாரு தம்பி. இப்போ தாத்தா மாதிரியே இல்ல" என்றார்.

நெற்றியும் மூக்கும் அப்படியேதான் இருந்தன. தாடைக்குக் கீழே இருந்த நிழலும், கன்னம் காதோடு சேரும் இடத்து மங்கலும் போயிருந்தன. முகம் தட்டையாகிவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. ஆயில் பெயிண்டிங்கில் வெளிச்சம் விழும் இடத்துக்கு வண்ணத்தைக் கெட்டியாக வைப்பார்கள். நிழலுக்கு எண்ணெயில் கரைத்த வண்ணத்தைக் கண்ணாடி போல மெல்லிசாகப் பூசுவது பழைய வழக்கம். அதனால் அழுத்தித் துடைத்தால் முதலில் போவது நிழல்தான்.

நிழல் என்பது ஓவியர்கள் யோசித்துப் போட்ட ஒன்று. இத்தாலியின் பிளாரன்ஸில் ஒரு சிற்றாலயச் சுவரில், 1420-களில் மசாச்சியோ வரைந்த காட்சி ஒன்றில் பேதுரு நடந்து போகிறார். அவருடைய நிழல் பட்டு நோயாளிகள் குணமாகிறார்கள். அந்த ஆலயத்தின் உண்மையான ஜன்னலிலிருந்து வெளிச்சம் எப்படி வருமோ, அதற்கு ஏற்ற பக்கமாகவே நிழல் விழுகிறது. 1600 வாக்கில் ரோமில் கரவாஜியோ முக்கால்வாசிப் படத்தையே இருட்டில் விட்டார். பிரெஞ்சு ஓவியர் மோனே பனியின் மேல் விழும் நிழலை நீலமாகப் போட்டார்.

எனக்கு மிக நெருக்கமான உதாரணம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் ஒரு காவல் படையை வரைந்த 'இரவுக் காவல்'. அது இரவுக் காட்சியே இல்லை. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனதால் பின்னால் வந்தவர்கள் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். 1940-களில் அந்த வார்னிஷை எடுத்தபோது பகல் வெளிச்சம் தெரிந்தது. அதே படத்தில் தளபதி நீட்டிய கையின் நிழல், பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் உடையில் விழுகிறது. அதை ரெம்பிராண்டே போட்டார். சுத்தம் செய்பவர் வார்னிஷை எடுக்க வேண்டும், கை நிழலைத் தொடக்கூடாது. எங்கள் தொழிலின் கஷ்டம் எல்லாம் இதில் இருக்கிறது.

நம் பக்கத்து மரபு வேறு. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்களில், தெய்வங்களின் நிழல் தரையில் விழாது. கை கால்களின் உருட்சியை வண்ணத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தே காட்டியிருப்பார்கள். ஆயில் பெயிண்டிங்கில் பெயர் வாங்கிய கிளிமானூர் ரவி வர்மா (1848–1906) காலத்துக்கு அப்புறம், ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று வரைந்த குடும்பப் படங்கள் பழைய திருவிதாங்கூர் வீடுகளில் ஏறின. 1956-இல் இந்தப் பக்கம் தமிழகத்தோடு சேர்ந்து எல்லை மாறியும் அவை பல வீடுகளில் சுவரிலேயே இருக்கின்றன. துடைத்துக் கெடுப்பதும் இவற்றைத்தான்.

வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். மூக்கின் ஒரு பக்கமும் சட்டை மடிப்பின் அதே பக்கமும் இருண்டிருந்தால் அது ஓவியர் போட்டது. படம் முழுக்க ஒரே பழுப்பாகவோ, விளக்கு எரியும் பக்கம் மட்டும் கறுப்பாகவோ இருந்தால் புகையோ பழைய வார்னிஷோ இருக்கலாம். இரண்டும் கலந்தும் இருக்கும்; புற ஊதா விளக்கில் பார்த்துத்தான் நாங்களே பிரிக்கிறோம். பழைய பிசின் வார்னிஷ் அதில் பச்சையாக ஒளிரும். சோப்பு, வெட்டின உருளைக்கிழங்கு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறாமல் பின்னால் கார்க் துண்டு வைத்து இடைவெளி விடுங்கள்.

அந்தத் தாத்தாவுக்கு ஒரு பழைய போட்டோ இருந்தது. அதைப் பார்த்து, புது வார்னிஷ் படலத்தின் மேல், பின்னால் யாரும் எடுத்துவிடக்கூடிய வண்ணத்தில் தாடை நிழலை வைத்தேன். ஆனால் அது நான் போட்ட நிழல். பழையது போனது போனதுதான் என்று அந்த அம்மாவிடம் சொல்லித்தான் படத்தைக் கொடுத்தேன்.