டைமண்ட் நடுவில்தான் இருக்கிறது, வேகத்தைப் பார்த்தீர்களா?

என்னிடம் சிமுலேட்டரில் ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டும் முறை) பழக வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நூறு தடவை தரையிறங்கிவிட்டு வருகிறார்கள். நல்லதுதான். கூடவே ஒரு பழக்கமும் வருகிறது. திரையில் இரண்டு ஊதா டைமண்ட் குறிகள், நடுவில் நின்றால் சரியான பாதையில் இருக்கிறோம்: லோக்கலைசர் இட வலம் சொல்லும், கிளைட் ஸ்லோப் மேல் கீழ் சொல்லும். கண் அந்த இரண்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கிளைட் ஸ்லோப் என்பது ஓடுபாதைக்கு இறங்கும் சாய்வுப் பாதை, பெரும்பாலும் 3 டிகிரி. ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 320 அடி இறங்க வேண்டும். மனக்கணக்கு சுலபம்: தரை வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 700 அடி. பாதையில் நிற்க 1,200 அடி தேவைப்பட்டால், பின்காற்று தள்ளுகிறது அல்லது வேறேதோ சரியில்லை.

இந்தப் பாதையைக் கீழிருந்து பிடிப்பதுதான் முறை. மட்டமாகப் பறந்துகொண்டிருந்தால் டைமண்ட் தானாக மேலிருந்து இறங்கி வரும். ஆனால் ஓடுபாதைக்கு ரொம்பக் கிட்டத்தில் திருப்பிவிட்டால் நாம் பாதைக்கு மேலே மாட்டிக்கொள்வோம். அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரைக் கடைசி வரை பின்னால் இழுத்து, மூக்கைத் தாழ்த்தித் துரத்துவது. ஆயிரம் அடி வாக்கில் டைமண்ட் நடுவுக்கு வரும், ஒரு பெருமூச்சும் வரும். லீவரை மட்டும் யாரும் முன்னால் தள்ள மாட்டார்கள். வேகம் 140, 132, 125 என்று சத்தமில்லாமல் கரையும்.

இது கற்றுக்குட்டிகளின் தவறு என்று நினைக்க வேண்டாம். 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் இறங்க வந்த டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் போயிங் 737-800 விமானத்தின் காக்பிட்டில் மூன்று பைலட்டுகள் இருந்தார்கள். தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடப்பக்க ரேடியோ ஆல்ட்டிமீட்டர் பழுதாகி உயரத்தை மைனஸ் 8 அடி என்று காட்டியது. லீவரைத் தானாக நகர்த்தும் ஆட்டோ த்ராட்டில், தரையைத் தொடப்போகிறோம் என்று எடுத்துக்கொண்டு த்ரஸ்டை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த நிலைக்கு இழுத்தது. அவர்களும் பாதையை மேலிருந்துதான் பிடித்தார்கள். அந்த நேரத்தில் என்ஜின் ஐடிலில் இருப்பது இயல்பாகத்தான் தெரியும், அதனால் சந்தேகம் வரவில்லை. 144 நாட்டில் இருக்க வேண்டிய வேகம் இறங்கிக்கொண்டே போனது. சுமார் 460 அடியில், வேகம் ஆபத்தாகக் குறைந்தால் கட்டுப்பாட்டுத் தடியை அதிரவைத்து எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் உதறியபோதுதான் விழித்தார்கள். ஓடுபாதைக்கு முன்பே வயலில் விழுந்தது. 9 பேர் இறந்தார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மேகத்துக்குள் இறங்கும்போது ஆயிரம் அடியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: கியர் (சக்கரங்கள்) கீழே, பிளாப்ஸ் (இறக்கை மடிப்புகள்) சரி, வேகம் இவ்வளவு, த்ரஸ்ட் ஐடிலில் இல்லை. ஒன்று குறைந்தாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவது. ஆட்டோ த்ராட்டில் போட்டிருந்தாலும் கையை லீவர் மேலேயே வையுங்கள். அது நகர்வதும் நகராததும் கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு பையன் மூன்றாவது முயற்சியில் ஆயிரம் அடிக்கு வந்தான். டைமண்ட் இரண்டும் அச்சு அசலாக நடுவில். "வேகம் 121... கோ-அரவுண்ட்" என்று அவனே லீவரைத் தள்ளினான். மூவாயிரம் அடிக்கு ஏறி நிதானமானதும், "சார், மறுபடி முதலிலிருந்தா?" என்றான், முகம் தொங்கிப்போய். அன்றைக்கு அவன் செய்ததில் உருப்படியான அப்ரோச் அதுதான்.